ஃபிளஷுக்குக் காத்திருக்கும் கை: சதவீதக் கணக்கா, விகிதக் கணக்கா?

டெக்ஸஸ் ஹோல்டெம் என்ற போக்கர் ஆட்டத்தில் ஃபிளாப், அதாவது மேசையில் எல்லோருக்கும் பொதுவாக விரிக்கப்படும் முதல் மூன்று சீட்டுகள், விழுந்தபின் ஒரே இனத்தில் நான்கு சீட்டுகளை வைத்துக்கொண்டு, ஃபிளஷை முடிக்கும் ஐந்தாவதுக்குக் காத்திருப்பவர், அது வருமா என்பதைக் கணிக்க மூன்று வழிகள் வழக்கில் உள்ளன. ஒன்று, நிகழ்தகவை முழுமையாகப் பெருக்கிக் காண்பது. இரண்டாவது, அவுட்டுகளை, அதாவது கையை முடித்துத் தரும் சீட்டுகளை எண்ணி 4 ஆலோ 2 ஆலோ பெருக்கும் குறுக்குவழி. மூன்றாவது, உதவாத சீட்டுகளுக்கும் உதவும் சீட்டுகளுக்கும் உள்ள விகிதத்தை அப்படியே எடுத்துக்கொள்வது. மூன்றையும் ஆட்டத்தில் பயன்படுத்திப் பார்த்தபின் நான் விகித முறையில் நிலைத்துவிட்டேன். ஆகவே இந்த ஒப்பீடு நடுநிலையானது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

முழுக் கணக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கையில் 2, ஃபிளாப்பில் 3 போக, நம் கண்ணுக்குத் தெரியாதவை 47 சீட்டுகள்; அவற்றில் 9 நமக்கு உதவும். இன்னும் வரவிருக்கும் டர்ன், ரிவர் என்ற இரண்டு பொதுச் சீட்டுகளிலும் தவறிப்போகும் வாய்ப்பு 38/47 × 37/46 என்பதால், ரிவர் முடிவதற்குள் ஃபிளஷ் அமைய ஏறத்தாழ 35 சதவீத வாய்ப்பு உண்டு. ஆட்டம் முடிந்தபின் தாளில் எழுதிச் சரிபார்க்க இதைவிட நம்பகமான வழி கிடையாது. ஆனால் எதிரில் இருப்பவர் நம் முடிவுக்காகக் காத்திருக்கும்போது இந்தப் பெருக்கலை மனத்துக்குள் போடுவது பெரும்பாலானவர்களுக்கு இயலாத காரியம்.

குறுக்குவழியின் புகழுக்குக் காரணம் அதன் எளிமை. இன்னும் இரண்டு சீட்டுகள் வரவிருந்தால் அவுட்டுகளை 4 ஆல் பெருக்க வேண்டும். ஒன்றே மிச்சமென்றால் 2 ஆல். ஒன்பது அவுட்டுகளுக்கு 36 என்று வருகிறது, உண்மை 35. ஸ்ட்ரெயிட் என்பது எண் வரிசையில் அமையும் ஐந்து சீட்டுகள்; நான்கு வரிசையாக இருந்து எந்த முனையில் வந்தாலும் நிறையும், இரு முனையும் திறந்த ஸ்ட்ரெயிட்டுக்கு 8 அவுட்டுகள். 32 என்று வருகிறது, உண்மை 31.5. நடுவில் ஒரு சீட்டு மட்டும் குறையும் ஸ்ட்ரெயிட்டுக்கு 4 அவுட்டுகள், 16 சதவீதம். இதுவும் சரிக்குச் சரி. அவுட்டுகள் பெருகும்போதுதான் பிசகும்: ஃபிளஷும் ஸ்ட்ரெயிட்டும் சேர்ந்து 15 அவுட்டுகள் இருக்கும் கைக்கு 60 என்று சொல்லும், உண்மையோ 54. எட்டுக்கு மேல் எத்தனை அவுட்டுகள் உள்ளனவோ அத்தனையைக் கழித்துவிட்டால் 53 கிடைக்கும். குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

எனவே என் மறுப்பு அதன் துல்லியத்தைப் பற்றியதன்று. கேட்கப்படும் தொகைக்கு எத்தனை சீட்டுகளைப் பார்க்கப் போகிறோம் என்ற கேள்வியைக் கேட்காமலே 4 ஆல் பெருக்கிவிட அது இடம் கொடுக்கிறது என்பதே என் மறுப்பு. மற்ற குறைநிறைகள் எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

நடுவில் 100 சில்லுகள் இருக்கின்றன. ஃபிளாப்பில் எதிராளி 60 வைக்கிறார் என்று கொள்வோம். நாம் 60 போட்டு 160ஐ வெல்லப் பார்க்கிறோம். இதற்கு 27 சதவீதத்துக்குச் சற்று அதிகமான வாய்ப்பு இருந்தால் போதும். குறுக்குவழி 36 என்கிறது. ஆகவே ஈடு வைக்கலாம், அதாவது அதே தொகையைப் போட்டு ஆட்டத்தில் தொடரலாம் என்று தோன்றும். அந்த 60தான் எதிராளியின் கடைசிச் சில்லுகள் என்றால் அது சரியான முடிவே: மேற்கொண்டு செலவின்றி இரண்டு சீட்டுகளையும் பார்க்கலாம், சராசரியாக ஏறத்தாழ 17 சில்லுகள் லாபம். ஆனால் அவரிடம் இன்னும் நிறைய இருந்து, டர்னில் நமக்குச் சீட்டு வராதபோது அவர் மீண்டும் பெரிதாக வைத்து நம்மைச் சீட்டைக் கவிழ்த்து விலக வைத்தால், அந்த 60க்கு நாம் வாங்கியது ஒரே ஒரு சீட்டுதான். ஃபிளஷ் அமைந்தபின் அவர் மேலும் எதுவும் தராமல் விலகுவார் என்று கொண்டால், அதே ஈடு சராசரியாக ஏறத்தாழ 18 சில்லுகள் நட்டம். கையும் அதுவே, ஃபிளாப்பும் அதுவே, தொகையும் அதுவே. லாபம் நட்டமாக மாறிவிடுகிறது.

விகித முறையில் இந்த மயக்கத்துக்கு இடமில்லை, ஏனெனில் அது வரவிருக்கும் ஒரு சீட்டை மட்டுமே எண்ணுகிறது. 47இல் 9 போனால் 38; ஆக 38க்கு 9, அதாவது 4.2க்கு 1. நடுவில் உள்ள 160க்கு நாம் தரும் 60 என்பது 2.7க்கு 1 கூட இல்லை. விலை கட்டவில்லை என்று உடனே தெரிகிறது. எவ்வளவு கட்டவில்லை என்பதும் தெரிகிறது: 60ஐ 4.2 ஆல் பெருக்கினால் 250ஐச் சற்றுத் தாண்டும், இருப்பதோ 160. ஆகவே ஃபிளஷ் அமைந்த பிறகு எதிராளியிடமிருந்து சராசரியாக இன்னும் தொண்ணூற்றுச் சொச்சம் சில்லுகளை வாங்க முடியும் என்ற நம்பிக்கை இருந்தால் மட்டுமே ஈடு வைக்கலாம். சதவீதக் கணக்கு ஒரு சீட்டுக்கான வாய்ப்பாகிய 19க்கும் தேவையான 27க்கும் இடையே எட்டுப் புள்ளி குறைகிறது என்று மட்டும் சொல்லும். அந்த எட்டுப் புள்ளி எத்தனை சில்லு என்று அதை மீண்டும் மாற்ற வேண்டும். மேசையில் கிடப்பது சில்லுகளாதலால் சில்லுகளிலேயே விடை தரும் முறை எனக்குப் பிடித்துப்போயிற்று.

டர்னுக்குப் பிறகு மனத்தில் இருத்த வேண்டியவை சில எண்களே: ஃபிளஷுக்கு 4.1, திறந்த ஸ்ட்ரெயிட்டுக்கு 4.75, நடுச்சீட்டு ஸ்ட்ரெயிட்டுக்கு 10.5. இந்தக் கட்டத்தில் 2 ஆல் பெருக்கும் வழியும் ஒரு சீட்டைத்தான் எண்ணுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அது 18 என்று சற்றுக் குறைத்துச் சொல்வதால், நடுவில் 200 இருக்க எதிராளி 60 வைக்கும்போது, ஈடு வைக்க வேண்டிய கையைக் கவிழ்க்கச் சொல்லும், விகிதமோ 4.3க்கு எதிரே 4.1 என்று சரியாகக் காட்டும். ஆனாலும் அங்கே இழப்பது மூன்று சில்லுகூட இல்லை. அதை வைத்து வாதாடுவது வீண்.

எந்த முறையானாலும் அவுட்டுகளை எண்ணுவதில் பிழை வந்தால் கணக்கு முழுதும் பாழ். கையில் இஸ்பேட் ஏஸும் 9உம், ஃபிளாப்பில் இஸ்பேட் ராஜா, இஸ்பேட் 6, ஆட்டின் 2 என்றிருக்கட்டும். எதிராளியிடம் ராஜாவும் ஒரு சிறு சீட்டும் மட்டும் இருந்தால் மூன்று ஏஸ்களும் நமக்கு உதவி, அவுட்டுகள் 12 ஆகின்றன. அவர் கையில் ஒரு ஜோடி 2 இருந்தாலோ இஸ்பேட் 2 நமக்குப் பயன்படாது: அது அவர் கையில் இருக்கலாம், அல்லது மேசைக்கு வந்து அவருக்கு நான்காவது 2 ஆகலாம். மீதமுள்ள 8இல் ஒன்று டர்னில் விழுந்தாலும், ரிவரில் ஒரு ஜோடி சேர்ந்து அவருடைய ஃபுல் ஹவுஸ், அதாவது ஒரே எண்ணில் மூன்றும் ஒரு ஜோடியும் சேர்ந்த கை, நம்மை வென்றுவிடக்கூடும்.

ஒமாஹா என்ற மற்றொரு போக்கர் வகையில் என் பழக்கம் குறைவு என்பதால் அங்கே உறுதியாகப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். நான்கு சீட்டுகள் கையில் இருப்பதால் ஃபிளாப்புக்குப் பின் தெரியாதவை 45. ஸ்ட்ரெயிட்டுக்கு 20 அவுட்டுகள்கூட அமையும். குறுக்குவழி 80 சதவீதம் என்று சொல்லும் அந்தக் கைக்கு உண்மை வாய்ப்பு 70தான்; விகிதம் ஒரு சீட்டுக்கு 25க்கு 20 என்று அடக்கமாகச் சொல்கிறது. ஆனால் அந்த இருபதில் எத்தனை சீட்டுகள் மேசையிலேயே மிக உயர்ந்த கையைத் தரும், எத்தனை நமக்கு ஸ்ட்ரெயிட்டையும் அடுத்தவருக்கு ஃபிளஷையும் தரும் என்று பிரிப்பதுதான் அங்கே பெரிய வேலை. அதை இம்மூன்று முறைகளில் எதுவும் நமக்காகச் செய்து தருவதில்லை.