மாசி வீதிப் பழைய வீட்டுக்குச் சுண்ணாம்பு வேலை: எங்கள் அனுபவம்

மதுரை தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் சந்தில் என் மாமனார் காலத்து வீடு. திண்ணை, முற்றம், மெட்ராஸ் டெரஸ் மாடி, எல்லாமே செங்கல், சுண்ணாம்பு, தேக்கு. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு காண்ட்ராக்டர் பேச்சைக் கேட்டு முற்றத்துச் சுவரில் சிமென்ட் பூசினோம். மூன்றாவது மழைக்கே இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி உப்புப் பூத்தது. பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்தபோது பழைய செங்கலின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழுந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தப் பங்குனியில் திருப்பரங்குன்றம் பக்கமிருந்து ஒரு குழுவை வரவழைத்தோம். மேஸ்திரி முதலில் சுவரைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார். "யக்கா, ஈரம் கீழருந்து ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புன்னா காத்துல போயிரும். சிமென்ட்டு அது போற வழிய அடைச்சிருச்சு" என்றார். இதை முன்பே ஒருத்தர் சொல்லியிருக்கக் கூடாதா!

சிமென்ட்டை உளியால் பொறுமையாகக் கொத்தி எடுத்தார்கள். கடுக்காயும் கருப்பட்டியும் பத்து நாள் தொட்டியில் ஊறின. வீடெல்லாம் புளித்த பதநீர் வாசம். அந்தத் தண்ணீரை விட்டுத்தான் சுண்ணாம்பையும் மணலையும் குழைத்தார்கள். கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, சாந்து விழாமல் ஒட்டி நின்றால்தான் சுவருக்குப் போகலாம் என்றார் மேஸ்திரி. கடைசிப் பூச்சைக் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். 1636-ல் கட்டிய நாயக்கர் மகாலின் தூண்களும் உள்ளே செங்கல், மேலே சுண்ணாம்புச் சாந்துதானே. அந்த வழவழப்பு இப்போது எங்கள் முற்றத்திலும் கைக்குத் தட்டுப்படுகிறது.

மாடி ஒழுகலையும் பார்த்தார்கள். மெட்ராஸ் டெரஸில் தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கலைக் குத்தவைத்துக் கோணலாக அடுக்கியிருக்கும். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மரக்கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டை ஓடு பதிப்பார்கள். ஒழுகிய இரண்டு இடத்தை மட்டும் பிரித்து அதே முறையில் அடைத்தார்கள். போன வாரம் கொட்டிய மழையில் ஒரு சொட்டு இறங்கவில்லை.

குறையும் சொல்ல வேண்டும். மூன்று வாரம் என்றார்கள், ஏழு வாரம் ஆனது. செலவு சிமென்ட்டைப் போல இரண்டு மடங்கு. கிணற்றை மூடாமல் வேலை பார்த்ததில் சுண்ணாம்புத் தூள் விழுந்து, இறைத்துச் சுத்தம் செய்தோம். அடுப்படிச் சுவரில் மயிரிழை விரிசல் இரண்டு இருக்கிறது.

ஆனாலும் அடுத்த வேலைக்கும் இவர்களைத்தான் கூப்பிடுவேன். நீங்கள் கூப்பிடுவதாக இருந்தால் தை பிறந்ததும் ஆரம்பியுங்கள். சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும், ஐப்பசி மழைக்கு முன் அதற்கு மாதக்கணக்கில் காற்று வேண்டும். பூசிய சுவரைத் தினமும் இரண்டு வேளை நனைக்க வீட்டில் ஓர் ஆள் இருக்கட்டும். எங்கள் வீட்டில் அதை என் மாமியார்தான் பார்த்துக்கொண்டார்.