பெட்டிஹில் வரை: ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிள் தளத்துடன் ஏழு ஆண்டுகள்

என் கணவரின் குடும்பம் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தைச் சேர்ந்தது. குடும்பப்பெயர் மெக்கே. ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், யாருடைய பிள்ளைகள் என்பது யாருக்கும் தெரியாது. ஊரையும் பெற்றோரையும் சொல்லாமல் ஒருவரை அறிமுகப்படுத்தும் வழக்கமே இல்லாத வீட்டில் பிறந்த எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது. என் மாமனாருக்கு எண்பது வயது நிறைந்த ஆண்டில், அவருக்காக இந்தத் தேடலைத் தொடங்கினேன். ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன. இந்தக் காலம் முழுவதும் நான் மிகுதியாகப் பயன்படுத்தியது ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிள் என்ற இணையதளத்தைத்தான். ஸ்காட்லாந்துக் குடிவழியைத் தேட விரும்பும் தமிழ் வாசகர்களுக்கு, குறிப்பாக என்னைப் போல அந்நாட்டுக் குடும்பங்களில் திருமண உறவு கொண்டவர்களுக்கு, இந்த அனுபவம் உதவக்கூடும் என்று எழுதுகிறேன்.

தளத்தின் நடைமுறை எளியது. கணக்குத் தொடங்குவதற்கும் பெயர்ப் பட்டியலில் தேடுவதற்கும் கட்டணம் கிடையாது. மூலப் பதிவேட்டின் படத்தைத் திறக்கும்போதுதான் பணம் செலவாகும். அதற்குக் கிரெடிட் எனப்படும் புள்ளிகளை முன்கூட்டியே வாங்கிக்கொள்ள வேண்டும். நான் வாங்கியபோது 30 கிரெடிட்டின் விலை 7.50 பவுண்டு, பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு ஒன்றைத் திறக்க 6 கிரெடிட், அதாவது 1.50 பவுண்டு. ஒருமுறை திறந்த படம் நம் கணக்கிலேயே தங்கிவிடுகிறது. எப்போது வேண்டுமானாலும் மீண்டும் பார்க்கலாம். மாதச் சந்தா இல்லை என்பதை நான் பெரிய நன்மையாகக் கருதுகிறேன். ஆறு மாதம் தேடாமல் இருந்தாலும் நட்டம் இல்லை என்பதால், யோசித்து நிதானமாகத் தேட முடிகிறது.

ஆனால் இந்தத் தளத்தின் உண்மையான மதிப்பு அதன் வசதிகளில் இல்லை. அதில் உள்ள பதிவுகளின் தன்மையில் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமண, இறப்புகளின் அரசுப் பதிவு 1855 ஜனவரி 1 அன்று தொடங்கியது. இங்கிலாந்து அதற்கு 18 ஆண்டுகள் முன்பே, 1837-இல், தொடங்கிவிட்டது. இருந்தாலும் பிந்தித் தொடங்கிய ஸ்காட்லாந்துப் பதிவுகளே வளமானவை. அக்கால இங்கிலாந்து இறப்புப் பதிவில், வளர்ந்த ஒருவரின் பெற்றோர் பெயர் இருக்காது. ஸ்காட்லாந்து இறப்புப் பதிவிலோ இறந்தவரின் தந்தை பெயரும், தாயின் பெயரும், அந்தத் தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயரும் கேட்டு எழுதப்பட்டன. திருமணப் பதிவில் மணமக்கள் இருவரின் பெற்றோர் பெயர்களும் அவ்வாறே இடம்பெற்றன. மணமான பெண்ணின் இறப்பு, கணவன் வீட்டுப் பெயரிலும் பிறந்தவீட்டுப் பெயரிலும் என இரண்டு இடங்களில் பட்டியலிடப்பட்டிருக்கிறது. குடிவழித் தேடலில் முதலில் மறைந்துபோகிறவர்கள் பெண்கள்தான். இங்கே அவர்கள் மறைவதில்லை. எங்கள் தேடல் நிறைவேறியதற்கு இதுவே காரணம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் நான் தவறான வழியில் போனேன். கடல் கடந்து வந்த மூதாதையின் பெயர் ஹியூ என்பதும், அவர் 1830-களில் ஒன்டாரியோவின் ஆக்ஸ்ஃபோர்டு கவுன்டியில் உள்ள ஸோரா பகுதியில் குடியேறினார் என்பதும் தெரிந்திருந்தது. உடனே அவருடைய ஞானஸ்நானப் பதிவைத் தேடத் தொடங்கினேன். மெக்கே குலத்தின் நாடு வட ஸ்காட்லாந்தின் சதர்லண்ட். அங்கே மெக்கே குடும்பங்களும் மிகுதி, ஹியூ என்ற பெயரும் மிகுதி. எது நம்முடையவர் என்று தெரியாமல் படம் படமாகத் திறந்து கிரெடிட்டைக் கரைத்தேன். பிறகு, பயனர்கள் தாங்களே வம்ச மரங்களைப் பதிவேற்றும் ஒரு சந்தாத் தளத்தில், எங்கள் ஹியூவுக்கு ஒரு பெற்றோர் இணை காட்டப்பட்டிருப்பதைக் கண்டு, அதை உண்மை என்று நம்பிவிட்டேன். பதினான்கு மாதங்கள் அந்தக் குடும்பத்தைப் பின்தொடர்ந்து, மாமனாரிடமும் சொல்லி மகிழ்ந்த பிறகு, அந்த ஹியூ 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மனைவி மக்களோடு சதர்லண்டிலேயே வாழ்ந்துகொண்டிருப்பதைக் கண்டேன். அவர் கனடாவுக்கு வரவே இல்லை. அந்தப் பிழையான மரம் மேலும் பலருடைய மரங்களில் படியெடுக்கப்பட்டு இன்றும் இருக்கிறது. மூலப் பதிவைக் காட்டாத எந்த மரத்தையும் நான் இப்போது ஏற்பதில்லை.

இந்தத் தோல்விக்குப் பிறகு ஸ்காட்லாந்தை முழுவதுமாக நிறுத்திவைத்து, ஒன்டாரியோவில் கிடைக்கக்கூடியவற்றை ஓராண்டு காலம் திரட்டினேன். இதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். ஸோரா பகுதியின் எம்ப்ரோ அருகே உள்ள ஹியூவின் கல்லறைக் கல்லில், தேய்ந்த எழுத்தில், அவர் சதர்லண்ட் கவுன்டியின் ஃபார் பாரிஷை, அதாவது அந்தத் திருச்சபைப் பங்கைச், சேர்ந்தவர் என்று பொறிக்கப்பட்டிருந்தது. ஸ்காட்லாந்துக் குடியேறிகள் தங்கள் கல்லறையில் பிறந்த பாரிஷின் பெயரைப் பொறிப்பது பரவலான வழக்கம். ஏட்டில் கிடைக்காதது கல்லில் கிடைப்பதுண்டு. ஒன்டாரியோவில் 1869-இல் அரசுப் பதிவு தொடங்கியதால், ஹியூவின் கடைசிப் பிள்ளைகளின் திருமணப் பதிவுகளும் கிடைத்தன.

அவருடைய பிள்ளைகளின் பெயர்களை வரிசைப்படுத்தியபோது இன்னொரு தடயம் தெரிந்தது. ஸ்காட்லாந்து மரபில் முதல் மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயர், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயர். முதல் மகளுக்குத் தாய்வழிப் பாட்டி பெயர், இரண்டாம் மகளுக்குத் தந்தைவழிப் பாட்டி பெயர். பாட்டன் பெயரைத் தாங்குவதால் பெயரன் என்றும், அதுவே மருவிப் பேரன் என்றும் சொல்லும் மொழியில் வளர்ந்தவளுக்கு இது அந்நியமாகத் தோன்றவில்லை. ஹியூவின் முதல் மகன் ஆங்கஸ். இரண்டாம் மகள் கிறிஸ்டினா. ஆகவே ஹியூவின் தந்தை ஆங்கஸ், தாய் கிறிஸ்டினா என்று கருத இடம் இருந்தது. இந்த மரபை எல்லாக் குடும்பங்களும் தவறாமல் பின்பற்றியதில்லை. ஆகவே அதை ஊகமாக மட்டுமே வைத்துக்கொண்டேன். கூடவே, மூன்றாம் மகனுக்கு நடுப்பெயராகக் கன் என்று இருந்தது. அது சதர்லண்ட், கெய்த்னஸ் பகுதிகளின் ஒரு குடும்பப்பெயர். தாயோ பாட்டியோ பிறந்த குடும்பத்தின் பெயரைப் பிள்ளைக்கு நடுப்பெயராக இடுவதும் அங்கே வழக்கம்.

திருப்பம் ஒரு கடிதத்தால் வந்தது. மாமனாரின் சகோதரி வீட்டுப் பைபிளுக்குள், 1859-இல் எழுதப்பட்ட ஒரே ஒரு தாள் இருந்தது. ஃபார் பாரிஷில் உள்ள கர்டோமி என்ற ஊரிலிருந்து, ஜெஸ்ஸி என்ற அக்காள், தம்பி ஹியூவுக்கு எழுத்தறிந்த யாரையோ கொண்டு எழுதுவித்தது. அதில் குடும்பப்பெயர் இல்லை. மீன்பிடிப்பையும் உருளைக்கிழங்கு விளைச்சலையும் பற்றிச் சில வரிகள், இனிச் சந்திக்க மாட்டோம் என்பதைப் பற்றி ஒரு வரி. அவ்வளவுதான்.

அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் நான் தேட வேண்டியவர் ஹியூ அல்ல என்று புரிந்தது. 1855-க்கு முன்பே கப்பலேறியவரைப் பற்றி ஸ்காட்லாந்தின் அரசுப் பதிவுகள் எதுவும் சொல்லாது. ஆனால் ஊரிலேயே தங்கிவிட்ட உடன்பிறப்பு 1855-க்குப் பிறகு இறந்திருந்தால், அவருடைய இறப்புப் பதிவு பெற்றோர் இருவரையும் சொல்லும். அவர்களே போனவருக்கும் பெற்றோர். குடிபெயர்ந்த மூதாதையைத் தேடும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: அவருடைய அக்காள் தங்கையரை, அண்ணன் தம்பியரைத் தேடுங்கள்.

1861 கணக்கெடுப்பில் கர்டோமியில் வயது பொருந்தக்கூடிய பெண்களாக ஜேனட் அல்லது ஜெஸ்ஸி என்ற பெயரில் மூவர் இருந்தனர். கேலிக் மொழி பேசிய ஊரின் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதியபோது ஒரே பெண் ஓரிடத்தில் ஜேனட்டாகவும் மற்றோரிடத்தில் ஜெஸ்ஸியாகவும் பதிவாவது இயல்பு. இரண்டையும் தேட வேண்டும். மூவரின் இறப்புப் பதிவுகளையும் திறந்தேன். மொத்தம் 18 கிரெடிட், 4.50 பவுண்டு. முதல் இரண்டும் பொருந்தவில்லை. மூன்றாவது 1868-ஆம் ஆண்டுப் பதிவு. தந்தை: ஆங்கஸ் மெக்கே, குடியானவர், காலமானவர். தாய்: கிறிஸ்டினா மெக்கே, பிறந்தவீட்டுப் பெயர் கன், காலமானவர். இறப்பைத் தெரிவித்த மகன் கையெழுத்துக்குப் பதிலாகச் சிலுவைக்குறி இட்டிருந்தார். அதன் இருபுறமும் பதிவாளர் அவர் பெயரை எழுதியிருந்தார். தன் பெயரை எழுதத் தெரியாத ஒருவர், தன் பாட்டியின் பிறந்தவீட்டுப் பெயரைப் பிழையின்றிச் சொல்லியிருக்கிறார். அவர் சொல்லாமல் விட்டிருந்தால், தெரியாது என்று பதிவாளர் எழுதி முடித்திருப்பார். எங்களுக்கு எதுவும் மிஞ்சியிருக்காது. அன்று இரவு மாமனாருக்குத் தொலைபேசியில் அந்த இரண்டு பெயர்களையும் படித்துக் காட்டினேன். அவர் திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு கன் என்ற பெயரை மட்டும் மறுபடி கேட்டார். அவருடைய தாத்தாவுக்கும் அதே நடுப்பெயர்.

இனி தளத்தின் எல்லைகளைச் சொல்ல வேண்டும். 1855-க்கு முந்தைய காலத்துக்கு ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பழைய பாரிஷ் பதிவேடுகள்தான் கதி. அவற்றுள் மிகப் பழையது பெர்த்ஷயரின் எரல் பாரிஷில் 1553-இல் தொடங்குகிறது. ஆனால் சதர்லண்ட் உள்ளிட்ட ஹைலண்ட் என்ற வடக்கு மலைப் பகுதிகளில் பதிவேடுகள் மிகப் பிந்தித் தொடங்குகின்றன, இடைவெளிகளும் உண்டு. ஆங்கஸ், கிறிஸ்டினா இருவரின் திருமணப் பதிவு எனக்குக் கிடைக்கவில்லை. 1841 கணக்கெடுப்பில் பெரியவர்களின் வயது பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதப்பட்டது. 43 வயதுக்காரர் 40 என்றே இருப்பார். தனியுரிமை காரணமாக, பிறப்புப் பதிவுகளின் படங்கள் 100 ஆண்டுகளுக்கும், திருமணம் 75, இறப்பு 50 ஆண்டுகளுக்கும் இணையத்தில் மூடப்பட்டிருக்கும். கப்பலைப் பொறுத்தவரை ஏமாற்றத்துக்குத் தயாராக இருக்க வேண்டும். பிரிட்டனிலிருந்து புறப்பட்ட பயணிகளின் முறையான பட்டியல் வரிசை 1890-இலிருந்துதான் இருக்கிறது; கியூபெக் துறைமுகத்துக்கு வந்தவர்களின் பட்டியல் 1865-இலிருந்துதான். 1830-களில் வந்த ஹியூவின் கப்பல் எது என்பது எங்களுக்குத் தெரியப்போவதில்லை. 1850-களில் ஆஸ்திரேலியாவுக்கு உதவித்தொகையுடன் அனுப்பப்பட்ட ஹைலண்ட் குடும்பங்களின் சந்ததியினர் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள். அவர்களுக்குப் பெயர்ப் பட்டியல்கள் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன.

மரபணுச் சோதனையும் செய்தோம். மெக்கேக்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள் மணந்துகொண்டதால், யார் எவ்வழி உறவு என்று பிரித்தறிய அது எங்களுக்கு அதிகம் உதவவில்லை.

தளத்தின் இலவசப் பகுதி ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. 2021 முதல், பாரிஷ் மூப்பர் சபைகளின் நடவடிக்கைக் குறிப்புகளைக் கட்டணமின்றிப் பக்கம் பக்கமாகப் புரட்டலாம். பெயர்ப் பட்டியல் இல்லாததால் கண்ணுக்குச் சிரமம். ஆனால் ஏழைகளுக்குக் கொடுத்த உதவியும், ஒழுக்க விசாரணைகளும், ஊரின் அன்றாடமும் அவற்றில் இருக்கின்றன. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளமும் இலவசம். 19-ஆம் நூற்றாண்டு நில அளவை வரைபடங்களை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்திப் பார்க்கலாம்.

அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டுதான் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நானும் கணவரும் அங்கே போனோம். முதலில் எடின்பரோ. ராபர்ட் ஆடம் வடிவமைத்த ஜெனரல் ரெஜிஸ்டர் ஹவுஸ் கட்டடத்தில் உள்ள தேடல் மையத்தில் ஒரு நாள் கட்டணம் அப்போது 15 பவுண்டு. இணையத்தில் மூடியிருக்கும் அண்மைக் காலப் பதிவுகளையும் அங்கே பார்க்கலாம், படத்துக்குப் படம் பணம் இல்லை. பட்டியலைத் தயார் செய்துகொண்டு போனால் அந்த ஒரு நாள், வீட்டிலிருந்து செலவழிக்கும் நூறு பவுண்டுக்குச் சமம்.

பிறகு வடக்கே ஸ்ட்ராத்னேவர் பள்ளத்தாக்கு. ஃபார் பாரிஷின் பெரும்பகுதி மக்கள் ஒரு காலத்தில் கடற்கரையில் வாழவில்லை. இந்தப் பள்ளத்தாக்கின் சிற்றூர்களில் வாழ்ந்தார்கள். 1814-இலும் 1819-இலும், ஆட்டுப் பண்ணைகளுக்காகச் சதர்லண்ட் பிரபுக் குடும்பத்தின் பண்ணையகம் அவர்களை வெளியேற்றியது. 1814 வெளியேற்றத்தை நடத்திய பேட்ரிக் செல்லர் 1816-இல் இன்வர்னெஸ் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு விடுவிக்கப்பட்டார். மக்கள் பெட்டிஹில், கர்டோமி போன்ற கரையோரத் துண்டு நிலங்களில் குடியமர்த்தப்பட்டனர். நிலம் போதாமல் பலர் பின்னர் கடல் கடந்தனர். 1883-இல் சிறு குடியானவர்களின் நிலையை விசாரித்த நேப்பியர் ஆணையம் பெட்டிஹில்லில் அமர்ந்தபோது, சிறு வயதில் அந்த வெளியேற்றத்தைக் கண்ட முதியவர்கள் அதைச் சாட்சியமாகச் சொன்னார்கள். கணக்கெடுப்பு வயதின்படி ஜெஸ்ஸி 1800-ஐ ஒட்டிப் பிறந்தவர். பதிவுகள் ஃபார் என்று மட்டுமே சொல்வதால் எந்தச் சிற்றூர் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அவர் பெரும்பாலும் அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்து, வெளியேற்றப்பட்டுக் கரைக்கு வந்தவராகவே இருக்க வேண்டும். ரோசல் என்ற கைவிடப்பட்ட ஊரின் வீட்டு அடித்தளங்களுக்கு நடுவே நின்றபோது, என் கணவர் நெடுநேரம் பேசவில்லை.

பொறுமையும், கல்லறைக் கல்லிலிருந்தாவது கிடைத்த ஒரு பாரிஷின் பெயரும் கையில் இருப்பவர்களுக்கு இந்தத் தளத்தை முழுமனத்துடன் பரிந்துரைக்கிறேன். பாரிஷின் பெயர் தெரியாதவர்கள் கிரெடிட் வாங்குவதற்கு முன், குடியேறிய நாட்டின் பதிவுகளையும் கல்லறைகளையும் பார்த்து முடிக்க வேண்டும்.

என் கணக்கில் இப்போது 24 கிரெடிட் மீதம் இருக்கிறது. அதை ஜெஸ்ஸியின் பேத்திகள் நால்வரின் திருமணப் பதிவுகளுக்காக வைத்திருக்கிறேன். அவர்களுடைய வழியில் யாரேனும் இன்னும் அந்தக் கரையில் வாழ்ந்தால், 1859-ஆம் ஆண்டுக் கடிதத்தின் படியை அவர்களிடம் கொடுக்க வேண்டும் என்று மாமனார் கேட்டுக்கொண்டிருக்கிறார்.