கடல் மட்டம் சொன்னபடி கேட்கிறது, ஆற்றின் பெயர்தான் கேட்பதில்லை

கற்பனை நாடுகளுக்கு வரைபடம் போட எந்த மென்பொருள் தேவலாம் என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். சந்தா கட்டுவதை நிறுத்திவிட்டு இலவச மென்பொருள்களுக்கு மாறி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன என்பதால், பதில் சொல்லும் தகுதி எனக்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

படங்களைத் திருத்தும் இலவச மென்பொருளான ஜிம்பில் நான் கடற்கரையைக் கையால் வரைவதே இல்லை. சாலிட் நாய்ஸ் ஃபில்டர் மேகம் போன்ற சாம்பல் திட்டுகளை உண்டாக்கித் தரும்; அதன்மேல் திரெஷோல்டை, அதாவது ஒரு வெளிச்ச அளவை எல்லையாக வைத்துப் படத்தைக் கறுப்பு வெள்ளையாகப் பிரிக்கும் வசதியைப் போட்டால் வெளிறிய பகுதி வெள்ளையாகி நிலமாகவும், எஞ்சியது கறுத்துக் கடலாகவும் பிரிந்துவிடும். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பிலிருந்து ஃபில்டர்களைப் பிறகும் திருத்த முடிவதால், கடல் மட்டத்தை வேண்டும்போது ஏற்றி இறக்கலாம். ஒருமுறை திரெஷோல்டின் அளவைச் சற்றே கூட்டினேன். தீபகற்பத்தின் கழுத்து அறுந்து, தென்கோடித் துறைமுகம் தனித்தீவில் போய் நின்றது. கதையையே மாற்ற வேண்டியதாயிற்று.

மலைகளையும் காடுகளையும் பேனாவால் வரைவதற்கு, கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளே சுகம். அதில் 'டபிள்யூ' விசையைத் தட்டினால் படத்தின் விளிம்புகள் ஒன்றோடொன்று இணைந்துகொள்ளும். கிழக்கு ஓரத்தில் தொடங்கிய தீவுக்கூட்டத்தை மேற்கு ஓரத்தில் முடிக்கலாம். இயல்பு அமைப்பில் வடதுருவமும் தென்துருவமும்கூட ஒட்டிக்கொள்ளும்.

இத்தனை இருந்தும் என்னைக் கடுப்பேற்றுவது ஆற்றின் பெயர்தான். ஆற்றின் வளைவோடு எழுத்தும் வளைந்து போக வேண்டுமென்றால், ஜிம்பில் முதலில் அந்த வளைவை ஒட்டிய கோடாக ஒரு பாதை வரைந்து, எழுத்தை அதன்மேல் ஏற்றி, கிடைக்கும் வெளிக்கோட்டை இன்னொரு லேயரில், அதாவது படத்தின் மேல் தனியாக நிற்கும் அடுக்கில், நிரப்ப வேண்டும். அந்த நொடியிலிருந்து அது எழுத்தல்ல, வெறும் வடிவம். 'நீலியாறு' என்றிருந்ததைக் 'கருமணலாறு' ஆக்கியபோது எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். அதன்பிறகும் கடைசி எழுத்து விரிகுடாவுக்குள் விழுந்து கிடந்தது. அந்த ஒரே ஆற்றுக்கு நான்கு முறை பெயர் மாற்றியவன் நான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கோட்டோவிய மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் பாதையில் ஏற்றிய பிறகும் எழுத்து எழுத்தாகவே இருக்கும், பாதையை இழுத்தால் கூடவே வரும். அதனால் இப்போது படத்தை அங்கே கொண்டுபோய்ப் பெயர்களை மட்டும் எழுதுகிறேன். ஒரு வரைபடத்துக்கு மூன்று மென்பொருள்கள்!

இவ்வளவு புலம்பிய பிறகும் நண்பருக்கு ஜிம்பைத்தான் சொன்னேன். அந்தத் துறைமுகம் தீவாகிப் போன மாலையை மறக்க முடியவில்லை. ஆறுகளுக்கு அடிக்கடி பெயர் மாற்றும் வியாதி அவருக்கு இல்லாதிருக்கட்டும்.