பழைய டொயோட்டா பிக்கப்புக்கு 2 அங்குல லிஃப்ட் கிட்: வாங்கலாமா?

1986 முதல் 1995 வரை வட அமெரிக்காவில் விற்ற டொயோட்டா ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்புக்கு, முன்னால் டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் நீளக் கம்பி), பின்னால் கமான் பட்டை. இந்த வண்டியை 2 அங்குலம் உயர்த்தப் பல பெயர்களில் கிடைக்கும் கிட்களைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: ஒரு ஜோடி ஒன்றரை அங்குல பால் ஜாயின்ட் (சக்கரத்தைத் தாங்கும் ஆர்மின் உருண்டை மூட்டு) ஸ்பேசர், முன் டிஃப்ரன்ஷியலை 1 அங்குலம் இறக்கும் துண்டுகள், பின்னுக்குப் பக்கத்துக்கு ஒரு கூடுதல் பட்டை, பட்டைகளை நடுவில் கோர்க்கும் இரண்டு சென்டர் போல்ட். முன்பக்கத்துக்குக் கொடுத்திருப்பது நன்றாக யோசித்துச் செய்தது. பின்பக்கம் பாதி வேலைதான். மீதியைத் தனியாக வாங்கிச் சேர்க்கத் தயார் என்றால் கிட் காசுக்குத் தகும்.

முன்பக்கத்தை உயர்த்த கிட்டே வேண்டாம், டார்ஷன் போல்ட்டை (பாரின் முறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் போல்ட்) முறுக்கினால் போதும் என்று சொல்பவர்கள் நிறைய. உயரும், சந்தேகமில்லை. முறுக்கினால் பார் கடினமாகிவிடும் என்பதும் தவறு. பாரின் கடினத்தை அதன் நீளமும் தடிமனும்தான் முடிவு செய்கின்றன. ஆனாலும் வண்டி தூக்கிப் போடும். காரணம், சக்கரத்தைத் தாங்கும் மேல் ஆர்ம் கீழே சாய்ந்து, அது இறங்கும் எல்லையில் உள்ள ரீபவுண்ட் ரப்பரோடு ஒட்டிக்கொள்கிறது. சக்கரம் பள்ளத்தில் இறங்க இடமே மிச்சமில்லை. ஒவ்வொரு குழியிலும் கேட்கும் ‘டக்’ அந்த ரப்பரில் ஆர்ம் மோதும் சத்தம். மேல் ஆர்முக்கும் பால் ஜாயின்ட்டுக்கும் நடுவே உட்காரும் ஸ்பேசர், போல்ட்டை முறுக்கி உயர்த்திய பிறகும் ஆர்மைப் பழைய கோணத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்துகிறது. இறங்கும் இடம் திரும்பக் கிடைக்கிறது. கிட்டிலேயே மதிப்புள்ள பாகம் இதுதான்.

மாட்டுவதில் சிரமம் குறைவு, துருதான் எதிரி. டார்ஷன் போல்ட்டின் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, முந்தைய இரவே துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊறவிட வேண்டும். போல்ட் எத்தனை மரை வெளியே நிற்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளவும். சேஸிஸை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரம் தொங்கும் நிலையில், சுமை இறங்கிய பிறகே போல்ட்டைத் திருப்ப வேண்டும். சுமையோடு திருப்பினால் தலை உருண்டுவிடும், மரையும் போகும். பாரைக் கழற்ற நேர்ந்தால் இடது வலது மாற்றிப் போடக்கூடாது.

உயரத்தை வீல் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளப்பதே சரி. தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் கணக்கில் சேர்ந்துவிடும். ஜாக்கியை இறக்கியதும் அளப்பது வீண். டயர்கள் உள்ளிழுத்தபடி நிற்பதால் வண்டி பொய்யாக உயர்ந்து தெரியும். கொஞ்ச தூரம் ஓட்டி, சமதரையில் நிறுத்தி அளந்து, அப்புறம் இரண்டு பக்கத்தையும் போல்ட்டில் சமன் செய்ய வேண்டும்.

டிஃப்ரன்ஷியல் இறக்கும் துண்டுகளை ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். அவை இல்லாமல் சிவி ஜாயின்ட் (சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் முன் ஆக்ஸிலின் வளையும் மூட்டு) கூடுதல் கோணத்திலேயே சுற்றும். அதை மூடும் ரப்பர் பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியும், கிரீஸ் வெளியேறும், அடுத்து ஜாயின்ட்டே போகும். மேனுவல் லாக்கிங் ஹப் (முன் சக்கரத்தை ஆக்ஸிலிலிருந்து கையால் விடுவிக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் ஹப்பை விடுவித்து ஓட்டும்போது ஆக்ஸில் சுற்றாது என்பதால் தேய்மானம் குறைவு. மற்ற வண்டிகளில் இந்தத் துண்டுகள் கட்டாயம்.

இனி பின்பக்கம். கூடுதல் பட்டையில் இரண்டு வகை உண்டு. குட்டைப் பட்டை விலை குறைவு, உயர்த்தவும் செய்யும். ஆனால் பட்டைக் கட்டின் நடுப்பகுதி மட்டும் விறைத்து, அது முடியும் இடத்தில் மெயின் பட்டை மடங்கத் தொடங்கும். நீளப் பட்டை சுமையைப் பரப்பி வாங்குகிறது. கிட்டில் எது என்று கேட்காமல் வாங்காதீர்கள். கட்டைப் பிரிக்குமுன் சென்டர் போல்ட்டின் இரு பக்கமும் சி கிளாம்ப் போட்டு இறுக்குவது அவசியம். இல்லாவிட்டால் நட் கழன்ற நொடியில் பட்டைகள் எகிறும். புதிய பட்டையை நீள வரிசைப்படி நுழைத்து, கிளாம்பால் நெருக்கி, சென்டர் போல்ட்டை முடுக்கி, மிச்ச நீளத்தை அறுத்துவிடலாம். போல்ட் தலை ஆக்ஸில் ஹௌசிங் மேலுள்ள குழியில் ஆடாமல் உட்கார வேண்டும். தலை சிறுத்திருந்தால் ஆக்ஸில் முன்பின் நகர்ந்து, வண்டி ஒருபக்கமாக இழுக்கும்.

பழைய கட்டில் விரிசலோ, பட்டை நுனிகளில் ஆழமான தேய்மானமோ இருந்தால் இந்தப் பட்டை செலவே வீண். தளர்ந்த கட்டோடு சேர்ந்து புதியதும் தொய்ந்துவிடும். முழுக் கட்டையும் மாற்றுவதே மேல்.

இதற்குப் பிறகுதான் கிட்டின் குறைகள். கட்டை ஆக்ஸிலோடு பிணைக்கும் யு போல்ட் கொடுப்பதில்லை. ஒருமுறை முழு இறுக்கத்தில் நீண்ட யு போல்ட்டைத் திரும்பப் போடக்கூடாது. கூடுதல் பட்டையின் தடிமனுக்கு அதன் மரையும் போதாது. புதிது வாங்கி, குறுக்கு வரிசையில் டார்க் ரென்ச்சால் சர்வீஸ் புத்தகம் சொல்லும் அளவுக்கு இறுக்கி, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பார்க்க வேண்டும். பட்டைகள் படிந்து உட்காரும்போது முதல் இறுக்கம் கட்டாயம் குறையும். கமான் கண்ணிலும் (முனை வளையம்) ஷேக்கிளிலும் (முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஆடும் இணைப்பு) உள்ள போல்ட்களை வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போது மட்டும் இறுக்குங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

பெரிய குறை பிரேக்கில். இந்த வண்டிகளில் பின் ஆக்ஸிலிலிருந்து ஒரு கம்பி சேஸிஸில் உள்ள வால்வுக்குப் போகிறது. சுமை ஏறி சேஸிஸ் தாழ்ந்தால், பின் பிரேக்குக்கு அந்த வால்வு அதிக அழுத்தம் விடும், உயர்ந்தால் குறைக்கும். 2 அங்குலம் தூக்கிய வண்டியை அது எப்போதும் காலி வண்டி என்றே நினைக்கும். சுமையோடு பிரேக் மிதிக்கும்போது பின் டிரம் சோம்பி, மொத்த வேலையும் முன் பேட் தலையில் விழும். மிதியில் வித்தியாசம் தெரியாது என்பதுதான் ஆபத்து. தீர்வு எளிது: கம்பியின் ஆக்ஸில் பக்கப் பிராக்கெட்டை எவ்வளவு உயர்த்தினோமோ அதே அளவு மேலே ஏற்ற வேண்டும். ஒரு சின்ன இரும்புத் துண்டு. அதைக்கூடப் பெட்டியில் போடாமல் விற்பதை ஏற்க முடியவில்லை. வால்வையே கழற்றிவிடும் பழக்கமும் இருக்கிறது. காலி வண்டியில், ஈரச் சாலையில் பின் சக்கரம் பூட்டிச் சறுக்கும். வேண்டாம்.

பின் பிரேக் ஹோஸ், ஹௌசிங் பிரீதர் குழாய், ஹேண்ட்பிரேக் கேபிள் மூன்றையும் ஆக்ஸில் முழுதாகத் தொங்கும்போது பார்க்கவும். எதுவும் விறைக்கக்கூடாது. முன் ஹோஸ்களை ஸ்டியரிங்கை இரு முனைக்கும் ஒடித்துப் பாருங்கள். தொங்கும் நிலையில் சக்கரத்தைத் தாங்கி நிறுத்துவது ஷாக் அப்சார்பராக இருந்தால் அது சீக்கிரம் கசியும், நீளமானது தேவை.

இரட்டைத் துண்டு புரொப்பெல்லர் ஷாஃப்ட் உள்ள நீள வண்டிகளில், நகர்த்தும்போது ஓர் அதிர்வு வரலாம். நடு பேரிங்கைச் சற்று இறக்கினால் பெரும்பாலும் அடங்கும்.

அலைன்மென்ட் அன்றே செய்ய வேண்டும். சக்கரக் கோணங்களான கேம்பர், காஸ்டர், டோ எல்லாமே மாறியிருக்கும், டயரை முதலில் தின்பது டோ. அதற்கு முன் ஸ்டியரிங் இணைப்பைத் தாங்கும் ஐட்லர் ஆர்ம் ஆடுகிறதா என்று பாருங்கள். இந்த வண்டியின் பலவீனமே அதுதான், ஆட்டத்தோடு அலைன்மென்ட் நிற்காது.

பின் டிஃப்ரன்ஷியலுக்குக் கீழே தரை இடைவெளி கூடும் என்று எதிர்பார்த்து வாங்குபவர்களுக்கு: அது கூடப்போவதில்லை. சேஸிஸும் பம்பரும்தான் உயரும். பின் ஹௌசிங்கை உயர்த்துவது டயர் மட்டுமே, அதுவும் விட்டம் 2 அங்குலம் கூடினால் 1 அங்குலம். எல்லாம் முடிந்ததும் ஹெட்லைட்டை இறக்கி வைக்க மறக்காதீர்கள்.