டிரைவைக் கழற்றிய பிறகு: விண்டோஸ் ஃபைல் ஹிஸ்டரியா, மேக் டைம் மெஷினா?

விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரியும் மேக்கின் டைம் மெஷினும் உங்கள் கோப்புகளை வெளி டிரைவில் பேக்கப் (காப்பு நகல்) எடுத்து வைப்பவை. அந்த டிரைவைக் கழற்றினாலும் இரண்டுமே சும்மா இருப்பதில்லை. ஃபைல் ஹிஸ்டரி, மாறிய கோப்புகளை உள் டிஸ்க்கிலேயே தற்காலிகமாக நகலெடுத்து வைத்து, டிரைவை மறுபடி செருகியதும் அதற்கு அனுப்பிவிடும். ஆனால் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் மாதிரி குறிப்பிட்ட ஃபோல்டர்களை மட்டும்தான் கவனிக்கும்.

டைம் மெஷின் அப்படி நகலெடுப்பதில்லை, மணிக்கொரு முறை டிஸ்க்கின் நிலையை ஸ்னாப்ஷாட்டாகக் குறித்துக்கொண்டு, நீங்கள் மாற்றிய, அழித்த பழைய தரவை அப்படியே விட்டுவைக்கிறது, அதனால் தொடக்கத்தில் இடமே பெரிதாகப் பிடிக்காது. இதுதான் எனக்குப் பிடித்த ஏற்பாடு. குறை என்னவென்றால் பெரும்பாலும் 24 மணி நேரம்தான் வைத்திருக்கும், இடம் குறைந்தால் அதற்கு முன்பே நீக்கிவிடும்.

சரி, அந்த உள் டிஸ்க்கே பழுதானால்? கடைசியாக டிரைவுக்குப் போனது மட்டும்தான் கிடைக்கும், எதைப் பயன்படுத்தினாலும்.