ஆர்15-ஐ டிராக்குக்குத் தயார் செய்த பட்டறை

சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு நாளாவது ஓட்டிப் பார்க்கணும் என்று என் பிஎஸ்6 யமஹா ஆர்15 பைக்கைப் புதுப்பேட்டைப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் விட்டேன். போனதும், "எக்ஸாஸ்ட் மாத்த எவ்ளோ ஆகும்ணா?" என்றேன். பட்டறை அண்ணன் சிரித்துவிட்டு, "தம்பி, மொதல்ல வண்டி நிக்கிற வழியப் பாரு" என்றார். அந்தப் பேச்சுக்கே ஐந்து ஸ்டார் தரலாம்.

காசெல்லாம் டயருக்கும் பிரேக்குக்கும்தான் போச்சு. புது பிரேக் பேட், டாட் 4 ரக பிரேக் ஆயில், பிரேக் லைனில் காற்று துளியும் இல்லாமல் வெளியேற்றும் ப்ளீடிங். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டை இறக்கிவிட்டு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினார். ஏன் என்றேன். கிளைகால் (glycol) என்ற ரசாயனம் கலந்த கூலன்ட் தார் மேல் சிந்தினால் வழுக்கும், பின்னால் வருபவன் கீழே விழுவானாம். ஆயில் டிரெயின் போல்ட் கழன்றுவிடாமல் இருக்க அதில் துளை போட்டுக் கம்பி முறுக்கிய நேர்த்தி இருக்கே, பூக்காரம்மா கட்டிய சரம் தோற்றது! கண்ணாடி, இண்டிகேட்டர் கழற்றக் கூலி வாங்கவில்லை. மொத்தம் 14,000 ரூபாய்.

குறையும் உண்டு. நாலு நாள் என்றது பதினோரு நாள் ஆனது. சைடு ஸ்டாண்டைக் கழற்றியவர் அதன் சுவிட்சை மறந்துவிட்டார். டிராக்கில் முதல் கியர் போட்டதுமே இன்ஜின் அணைந்தது. ஸ்டாண்டு கீழே இருப்பதாக வண்டிக்கு நினைப்பு! ஒயரைச் சரிக்கட்டுவதற்குள் முதல் செஷன் முடிந்தே போனது.

அடுத்த முறையும் அங்கேதான் விடுவேன். ஸ்டாண்டை மட்டும் நானே கழற்றிக்கொள்கிறேன்.