டிராகனுக்குள் சால்மன் மீன் புகுந்தது எப்படி?

ஃபின்னிய மொழியில் டிராகனுக்கு ‘லொஹிகேர்மெ’ என்று பெயர். பிரித்துப் பார்த்தால் லொஹி சால்மன் மீன், கேர்மெ பாம்பு. பறந்து நெருப்புக் கக்கும் பிராணிக்கும் மீனுக்கும் என்ன உறவு? இந்தப் பெயர் எப்படி வந்தது என்பதற்கு நான்கு விளக்கங்களைப் பார்க்கலாம்; முதலாவது, அது மீனேதான் என்பது.

இலக்கணம் மீனைத் தடுக்காது. சால்மன் சூப் ‘லொஹிகெய்ட்டொ’தான், அதே அமைப்பு. பொருள்தான் ஒட்டவில்லை, மீனை இங்கேயே விட்டுவிடலாம்.

அடுத்த கட்சி பாறைக் கட்சி. முதல் பாதி உண்மையில் ‘லௌஹி’, அதாவது பாறை என்பார்கள். கல்லை வெட்டியெடுப்பதைக் குறிக்கும் ‘லௌஹியா’வும் இதன் உறவு. குகையில் புதையல் காக்கும் டிராகனுக்குப் பாறைப்பாம்பு என்ற பெயர் நன்றாகவே பொருந்துகிறது. மூன்றாவது, ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான பழைய நோர்ஸில் சுடர் என்று பொருள்படும் ‘லொகி’. கேட்க அழகு, ஆனால் கூட்டுச்சொல்லின் பாதியை மட்டும் கடன் வாங்கியதாகக் கொள்ள வேண்டியிருக்கிறது.

என் ஓட்டு நான்காவதற்கு: ‘பறக்கும் டிராகன்’ என்ற பொருளுள்ள பழைய சுவீடிஷ் ‘ஃப்லொக்த்ராகி’. ஒலியைப் படிப்படியாகச் சோதிக்கலாம். பழைய ஃபின்னியத்தில் சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்கள் நிற்காது. கடைசி மெய் மட்டும் தங்கும். பன்றிக் கொழுப்புக்கான ஃப்லேஸ்க் ‘லேஸ்கி’ ஆனது, கண்ணாடிக்கான க்லாஸ் ‘லசி’, நாற்காலிக்கான ஸ்டோல் ‘துஒலி’. ஆக, ‘ஃப்’ விழுந்துவிடும். தொண்டையில் உரசும் ‘க்’குக்குக் கிட்டத்தில் கிடைப்பது ‘ஹ்’. மெய்யில் முடியும் கடன்சொல் வாலில் ‘இ’ ஏற்கும். கையில் மிஞ்சுவது லொஹி அல்லது லௌஹி. பின்பாதியை அப்படியே எடுக்காமல் பாம்பு என்று மொழிபெயர்த்துவிட்டார்கள்.

என்னைச் சாய்த்தது இதுதான்: மற்ற மூன்றும் முன்பாதியோடு நின்றுவிடுகின்றன. இது இரண்டு பாதிகளையும், அவை நிற்கும் வரிசையையும் சேர்த்து விளக்குகிறது. பொருள் விளங்காத அசை கையில் இருந்தால், பேசுபவர்கள் தெரிந்த சொல்லாக அதைக் கேட்டுக்கொள்வார்கள். பாறையும் மீனும் அந்த வழியில் பிற்பாடு வந்து ஒட்டியிருக்கலாம். பாறைக் கட்சியை முழுதாகத் தள்ளிவிடவும் முடியாது. இருக்கிற சொல்லின் மேல்தானே கடன் வந்து படியும்.

ஃபின்னியத்தின் உறவுமொழியான எஸ்தோனியத்தில் டிராகன் ‘லொஹெ’. சால்மனுக்கு அங்கே வேறு உயிரொலி, நம் எழுத்தில் சரியாகச் சிக்காத ஒன்று, இரண்டும் குழம்புவதில்லை. அந்த ‘லொஹெ’வுக்கு நூலில் பறக்கவிடும் காற்றாடி என்றும் பொருள் உண்டு. சுவீடிஷ் ‘த்ராகெ’வும் அப்படியே, டிராகனும் அதுதான், காற்றாடியும் அதுதான்.